பொருள் திரட்டும் முறை: வேலூர் தரும் பாடம்

சில திங்களுக்கு முன், ஆம்பூரைச் சேர்ந்த கல்லூரி மாணவர் நால்வர் ரசீதுப் புத்தகமும் கையுமாக என் வீட்டுக்கு வந்தனர். தோல் பதனிடும் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மாலைப் பாடசாலை ஒன்று நடத்தவேண்டும் என்பது அவர்கள் கருத்து. நல்ல கருத்துத்தான். "மொத்தம் எவ்வளவு தேவைப்படும்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். "கிடைக்கிற வரையில் வாங்குகிறோம், ஐயா" என்றார் ஒருவர். "எந்த நாளுக்குள்?" என்றேன். அதற்கு விடை வரவில்லை.

அவர்களைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பொதுக் காரியத்துக்குப் பணம் கேட்போருள் பெரும்பாலோர் இப்படித்தான் புறப்படுகின்றனர். இரக்கம் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது, திட்டம் மட்டும் இருப்பதில்லை. நிதி திரட்டுவதும் கட்டடம் எழுப்புவது போன்றதொரு வேலையே. அதற்கும் அளவு உண்டு, கணக்கு உண்டு, காலவரை உண்டு. இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாலாற்றங்கரையிலேயே சிறந்ததொரு சான்று இருக்கிறது. அதுவே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

இதனை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில், அமெரிக்கச் சமய ஊழியர் குடும்பத்திற் பிறந்தவர். இளம்பருவத்தில் திண்டிவனத்தில் தந்தையாருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து அவரை அழைத்தனர். மூன்றிலும் பேறுகால வேதனையில் பெண்கள் துடித்துக்கொண்டிருந்தனர். ஆண் மருத்துவரை உள்ளே விட அவ்வீட்டார் இசையவில்லை. பெண் மருத்துவரோ அங்கு எவருமில்லை. பொழுது விடிவதற்குள் மூவரும் இறந்தனர். அந்த இரவே அவரை மருத்துவம் பயிலத் தூண்டியது.

1899-இல் அமெரிக்காவிற் பட்டம் பெற்றுத் திரும்பும் தறுவாயில், வேலூரில் பெண்களுக்கென மருத்துவமனை ஒன்று அமைக்க 8,000 டாலர் திரட்டி வரும்படி அவருக்குச் சொல்லப்பட்டது என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கப்பலேறும் நாளோ நெருங்கிவிட்டது. நியூயார்க்கில் ஓர் அம்மையாரிடம் அவர் இத்தேவையை எடுத்துரைத்தபோது, ராபர்ட் ஷெல் என்னும் வங்கியாளர் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் அவரே ஐடாவை அழைத்து, காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். அத்தொகையைக் கொண்டு, மேரி டேபர் ஷெல் என்ற அவ்வம்மையாரின் பெயரால், 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 1902-இல் வேலூரில் எழுந்தது.

இதனை நற்பேறு என்று சொல்லிவிடலாம். ஆயினும், அவ்வறையில் ஷெல் கேட்டது எதனை? கண்ணாரக் கண்ட ஒரு துயரம், அதனைத் தீர்க்க ஒரு வழி, அதற்கு ஆகும் தொகை ஆகிய மூன்றும் அப்பேச்சில் இருந்தன. "ஏதேனும் உதவுங்கள்" என்று கேட்டிருந்தால், அவரும் ஏதேனும் தந்து விடுத்திருப்பார்.

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேலூரில் தொடங்கியது. கட்டடத்துக்கும் ஆசிரியர்க்கும் பெரும்பொருள் தேவைப்பட்டது. ஒருவர் கொடை இனிப் போதாது. அப்பொழுது அமெரிக்காவில் லூசி பீபாடி என்னும் அம்மையார், இந்தியா, சீனம், ஜப்பான் ஆகிய நாடுகளின் பெண் கல்லூரிகள் ஏழினுக்கும் சேர்த்து ஒரே நிதி இயக்கம் தொடங்கினார். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் வேலூர்ப் பள்ளியும் அவ்வேழினுள் அடங்கும். ராக்பெல்லர் குடும்பத்தின் நினைவு நிதியம் 10 லட்சம் டாலர் தர முன்வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: 1922-ஆம் ஆண்டு முடிவதற்குள் பெண்கள் 20 லட்சம் திரட்டிக் காட்டவேண்டும்.

இந்த நிபந்தனையின் நுட்பத்தைக் காணுங்கள். இரண்டு டாலர் கொடுப்பவர், தம் கொடை மூன்றாக வளர்வதைக் காண்கிறார். நாள் குறித்துவிட்டமையால், "பிறகு பார்க்கலாம்" என்று தட்டிக் கழிக்கவும் இடமில்லை. செல்வர் சிலரை மட்டும் நம்பியிராமல், ஊர்தோறும் மகளிர் கூட்டங்கள் கூட்டி, ஒரு டாலர், இரண்டு டாலராகவும் திரட்டினர். நம் விருதுநகரில் வீடுதோறும் பிடி அரிசி எடுத்துவைத்துப் பள்ளி நடத்தியதும் இத்தகைய முறையே அன்றோ? குறித்த தொகை சேர்ந்தது. நிபந்தனைக் கொடையும் கிடைத்தது. வேலூரில் புதிய மருத்துவமனையும், பின்னர்ப் பாகாயத்திற் கல்லூரி வளாகமும் உருவாயின.

இனிச் சொல்லப்போவது இவ்வரலாற்றின் கடினமான பகுதி. 1938-இல் சென்னை அரசாங்கம், மருத்துவக் கல்வி யாவும் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயரவேண்டும் என முடிவு செய்தது. உயர்ந்த பட்டம் பெற்ற பேராசிரியர், கூடுதற் படுக்கைகள், ஆய்வுக் கூடங்கள் ஆகிய அனைத்தும் தேவையாயின. இன்றேல் பள்ளியை மூடவேண்டியதுதான். உலகப் போர் மூண்டிருந்த வேளையில், 1941-இல், எழுபது வயது நிறைந்த ஐடா அம்மையார் மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசினார். 10 லட்சம் டாலர் அவருடைய குறி.

அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. ஆண் மாணவரையும் சேர்த்துக்கொண்டால் பல திருச்சபைகள் ஒன்றுகூடிக் கல்லூரியைத் தாங்கும் என்றனர் ஒரு சாரார். பீபாடி அம்மையாரோ, "பெண் கல்விக்கென்று பெண்கள் தந்த பொருள் இது, நோக்கத்தை மாற்றலாகாது" என்ற நிலையில் நின்றார். இருவர் வாதமும் புறக்கணிக்கத் தக்கதன்று. கொடுத்தவர்க்குக் கொடுத்த வாக்கு ஒருபுறம். நிலையமே அழிந்துவிடும் அபாயம் மறுபுறம். நெடுங்காலம் தயங்கிய ஐடா, இறுதியில் கூட்டுக் கல்லூரிக்கு இசைந்தார். பல்லாண்டு உடனுழைத்த தோழியர் இருவரும் இவ்வொன்றில் பிரிந்து நின்றனர். 1942-இல் பட்ட வகுப்புத் தொடங்கியது, 1947-இல் ஆண் மாணவர் சேர்ந்தனர், கல்லூரி பிழைத்தது.

யார் செய்தது சரி என்று தீர்ப்புக் கூற நான் துணியேன். ஒன்று மட்டும் உறுதி: பணம் வாங்கும் வேளையில் நாம் சொல்லும் சொல், இருபது ஆண்டு கழித்தும் நம்மைக் கேள்வி கேட்கும். ஆகவே நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். காக்க இயலாத வாக்கைக் கொடுத்தலாகாது. மாற்றம் தவிர்க்க முடியாததாயின், மறைக்காமல், கொடுத்தவரிடமே முதலிற் சென்று சொல்லவேண்டும்.

கடல் கடந்துதான் பொருள் வரவேண்டும் என்பதில்லை. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1901-இல் தோன்றியது. இசுலாமியாக் கல்லூரி 1919-இல் எழுந்தது. மேல்விஷாரத்தில் 1918-இல் கல்விச் சங்கம் அமைந்தது. தோல் வணிகத்திற் பொருளீட்டியவர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குத் தந்தனர். அருகிலிருப்போர் கொடுப்பதில் ஒரு நன்மையுண்டு. கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்பதை அவர்கள் நாள்தோறும் கண்ணாற் காண்கின்றனர்.

அந்நால்வருக்கும் அன்று இவ்வரலாற்றைச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் அவர்கள் மீண்டும் வந்தனர். ரசீதுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில், பாடசாலை நடக்கும் இடம், பிள்ளைகளின் எண்ணிக்கை, ஓராண்டுச் செலவு, வசூல் முடியும் நாள், கணக்கைப் படிக்கும் நாள் ஆகியவற்றை எழுதியிருந்தனர். முதலில் கேட்டதைவிடக் குறைந்த தொகையையே இம்முறை என்னிடம் கேட்டனர். நான் மகிழ்ந்து கூடுதலாகவே கொடுத்தேன்.