கப்சாய் எஞ்சினும் கறுப்பு எண்ணெயும்

தோட்டத்து மக்களே, விடியுமுன் பிரட்டுக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட, பட்டணத்தில் சாமான் வாங்கி வர, நடுராத்திரியில் காய்ச்சல் கண்ட குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓட, இத்தனைக்கும் இன்று நம்மிடம் இருப்பது ஒரே ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள்தான். பஸ் எட்டிப் பார்க்காத தோட்டங்கள் எத்தனையோ உண்டு. அங்கெல்லாம் இதுவே காடி, இதுவே லோரி, அவசரத்துக்கு இதுவே ஆம்புலன்ஸ்!

அப்படிப்பட்ட வண்டியை நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை ஆனால் சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம். கண்ணாடியைத் துடைக்கிறோம். சீட்டுக்கு உறை போடுகிறோம். ஆனால் எஞ்சினுக்குள் எண்ணெய் இருக்கிறதா, இல்லையா என்று குனிந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஒருநாள் மேட்டுச் சடக்கில் ஏறும்போது 'கிறீச்' என்று சத்தம் போட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டால்தான் தலையில் கை வைக்கிறோம்.

நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. பிடித்துக்கொண்ட எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் மாற்றி, போர் அடித்து மூடுவதற்குள் அந்தச் சம்பளத்தில் ஒரு பெரிய பங்கு கரைந்துவிடும். வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களில் வேலைக்குப் போக அடுத்த வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டும். இதையெல்லாம் தடுப்பது வேளாவேளைக்கு மாற்றும் ஒரு டின் எண்ணெய்தான்.

எண்ணெய் என்ன வேலை செய்கிறது?

"எண்ணெய்னா வழுவழுன்னு ஓட உதவுறது, அவ்வளவுதானே?" என்று பலர் கேட்கிறார்கள். அது பாதிப் பதில்தான்.

பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்பட்ட அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். பிறகு ஏன் பிஸ்டன் உருகுவதில்லை? அந்த நெருப்பு ஒவ்வொரு தடவையும் கண்ணிமைக்கும் நேரம்கூட இருப்பதில்லை. வந்த சூட்டையும் சிலிண்டர் சுவரும் எண்ணெயும் உடனுக்குடன் வாங்கிக்கொள்கின்றன. காற்று போகாத இடத்துச் சூட்டைச் சுமந்து வந்து வெளியே விடுவது எண்ணெய்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காடியில் எஞ்சின் எண்ணெய் வேறு, கியர் எண்ணெய் வேறு. நம் ஃபோர் ஸ்ட்ரோக் கப்சாயில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் குளிக்கின்றன. காடியில் மூன்று நான்கு லிட்டர் எண்ணெய் இருக்கும். நம் கப்சாயிலோ ஒரு லிட்டர்கூட இருக்காது. கொஞ்சம் எண்ணெய், மூன்று மடங்கு வேலை! அது சீக்கிரம் களைத்துப் போவதில் என்ன ஆச்சரியம்?

டின்னில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கடைக்குப் போகிறோம். "தவுக்கே, மினியாக் ஹித்தாம் சத்து!" என்கிறோம். அவர் கைக்கு எட்டியதை எடுத்துத் தருகிறார். விலையை மட்டும் பார்த்து வாங்கி வருகிறோம். இனிமேல் டின்னைத் திருப்பி மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கும் எண். முன்னால் உள்ள எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது. பின்னால் உள்ள எண் 100 டிகிரிச் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டுகிறது. நம் நாட்டில் பனி பெய்வதில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக் குளிர்கூட இந்த எண்ணெய்களுக்கு ஒரு பொருட்டல்ல. ஆகவே நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண்.

"அப்படின்னா கெட்டியான 50 தானே நல்லது?" என்று அவசரப்படக் கூடாது. கெட்டி எண்ணெய் புது எஞ்சினின் நெருக்கமான இடுக்குகளில் மெதுவாகத்தான் புகும். அதைத் தள்ளவே எஞ்சின் கூடுதலாக உழைக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதுதான் வேதம். பல புதிய வண்டிகளுக்கு 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 சொல்லியிருப்பார்கள். நிறைய ஓடித் தேய்ந்த பழைய எஞ்சினுக்கு, புத்தகம் அனுமதித்தால், 20டபிள்யூ-50 ஊற்றலாம்.

இரண்டாவது, 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ. 2' என்ற முத்திரை. இது ஜப்பானியர்கள் மோட்டார் சைக்கிளுக்கென்றே 1998-இல் கொண்டுவந்த தர விதி. எண்ணெயில் நனையும் கிளட்ச் வழுக்காது என்பதற்கு இதுவே அத்தாட்சி. நம் கப்சாய்க்கு எம்.ஏ. படித்த எண்ணெய்தான் வேண்டும்! 'எம்.பி.' என்று போட்டது கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது.

காடி எண்ணெயில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று போட்டிருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். வழுக்கலைக் கூட்டும் மருந்து அதில் கலந்திருக்கும். கிளட்ச் வழுக்கும். எஞ்சின் உறுமும், வண்டி மேட்டில் ஏறாது, சூடு மட்டும் ஏறும். தோட்டத்து ஸ்டோரில் மிஞ்சிய டிராக்டர் எண்ணெய் சும்மா கிடைத்தாலும், எம்.ஏ. முத்திரை இல்லாவிட்டால் அது வேண்டாம்.

மூன்றாவது, 'ஏ.பி.ஐ.' என்பதற்குப் பக்கத்தில் எஸ்.ஜி., எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். என்று இரண்டு எழுத்துகள். இரண்டாவது எழுத்து ஆங்கில அகர வரிசையில் தள்ளிப் போகப் போக, தரம் புதியது என்று பொருள். கைப்புத்தகம் சொல்லும் எழுத்துக்குக் கீழே போக வேண்டாம்.

சிந்தெடிக் எண்ணெய் சூட்டை நன்றாகத் தாங்கும், உண்மைதான். ஆனால் விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டு வருஷம் முழுக்க மறந்துபோவதைவிட, சாதாரண எம்.ஏ. எண்ணெயை ஒழுங்காக மாற்றுவதே எஞ்சினுக்கு நல்லது. மூடி முத்திரை உடைந்த டின், நம்ப முடியாத மலிவு விலை, கலங்கலான அச்சு, இவற்றைக் கண்டால் வாங்காதீர்கள். கள்ள எண்ணெயும் சந்தையில் உலவுகிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யலாம்.

டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.எக்ஸ்.இசட். போன்ற வண்டிகளில் தனித் தொட்டியில் ஊற்றும் 2டி எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போவது. கியர் எண்ணெய் வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றக் கூடாது. 2டி தொட்டி காய்ந்துபோனால் எஞ்சின் பிடித்துக்கொள்ள அதிக தூரம் ஓட வேண்டியதில்லை.

சூடு ஏன் ஏறுகிறது?

சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக இருக்கும் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்கு அல்ல. ஓட்டக் காற்று அவற்றின் இடையே புகுந்து சூட்டைக் கொண்டு போக வேண்டும். மழை நாளில் செம்மண் சேறு அங்கே அப்பிக் காய்ந்துவிட்டால், எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது போலத்தான். வண்டி கழுவும்போது சீட்டைவிட அந்த இடுக்குகளை நன்றாகக் கழுவுங்கள், எஞ்சின் ஆறிய பிறகு.

பின்னால் உர மூட்டை, முன்னால் ஒரு பை, முதல் கியரில் மலைச்சரிவு. எஞ்சின் முழு மூச்சோடு உழைக்கிறது, காற்றோ வருவதில்லை. பாரத்தைக் குறைத்து இரண்டு நடையாகப் போவது நேரத்துக்கு நஷ்டம் போலத் தோன்றும். எஞ்சினுக்கு அது லாபம். அதேபோல், காலையில் எஞ்சினைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பசியாறி வருகிறோமே, அதுவும் வேண்டாம். ஒரு நிமிஷம் போதும். பிறகு மெதுவாக ஓட்டிப் போனால் தானே சூடு பிடிக்கும்.

எண்ணெய் குறைவு, அடைத்த கார்புரேட்டர், உரசிக்கொண்டே இருக்கும் பிரேக், அளவுக்கு மீறி இறுக்கிய சங்கிலி, தவறான பிளக், இவை எல்லாமே சூட்டைக் கூட்டும். காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்தால் வேகம் கூடும் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். தம்பிமார்களே, காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். சடக்குப் புழுதி உள்ளே போய் அரத்தைப் போல அராவும்.

வண்டி இழுக்காமல் சோர்ந்தால், 'டக டக' என்று உள்ளே தட்டும் சத்தம் கேட்டால், தீய்ந்த வாடை வந்தால், நிழலில் நிறுத்தி அணைத்துவிடுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு கொதிக்கும் எஞ்சின் மேல் ஊற்றாதீர்கள். உலோகம் கோணிப் போகும், வெடிப்பும் விடலாம். ரேடியேட்டர் உள்ள வண்டியானால் சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். ஆறிய பிறகு அதற்குரிய கூலண்ட் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் உள்ளே உப்புப் படியவும் துருப் பிடிக்கவும் வழி செய்யும்.

ஓடும்போதே எஞ்சின் பிடித்தால் பின் சக்கரமும் சேர்ந்து நின்றுவிடும். அப்போதுதான் கீழே விழுகிறோம். கிளட்ச் பிடி உள்ள வண்டியில் உடனே அதை இழுங்கள். கப்சாயில் கியர் மிதியை அழுத்தியபடியே இருந்தால் சக்கரம் விடுபடும். பயப்படாமல் ஓரம் கட்டலாம். இதை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அளவு பார்ப்பது, மாற்றுவது

வாரம் ஒரு தடவை, சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு, எஞ்சினைச் சில நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் பொறுங்கள். அளவுக் கம்பியைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். ஹோண்டா கப்சாயில் கம்பியைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே எண்ணெய் இருக்க வேண்டும். ஈ.எக்ஸ். 5 போன்ற சிறிய வண்டியில் எண்ணெய் மாற்ற முக்கால் லிட்டர் அளவே பிடிக்கும். "டின்னில் மிஞ்சினா வீணாப் போயிடுமே" என்று முழு லிட்டரையும் ஊற்றினால் நுரை கட்டும், சூடும் ஏறும்.

எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டதா? இல்லை. கரியைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்வதால் அது கறுக்கிறது. நிறத்தை நம்பாமல் கிலோமீட்டரை எழுதி வையுங்கள். கைப்புத்தகம் சொல்லும் தூரம் நல்ல சடக்குக்குச் சொன்னது. புழுதி, மேடு, பாரம் உள்ள தோட்டத்துக்கு அதற்கு முன்னதாகவே மாற்றுவது நல்லது.

லயத்திலிருந்து பிரட்டுக் களத்துக்கு மட்டுமே ஓடும் வண்டிக்கும் ஆபத்து உண்டு. எஞ்சின் சரியாகச் சூடாகாததால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அது ஆவியாகிப் போகும். எண்ணெய் பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அறியுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியானால் எஞ்சினைப் போடாமலே ஃபோர்மனிடம் தள்ளிக்கொண்டு போங்கள்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் கொட்டாதீர்கள். 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய எஞ்சின் எண்ணெய் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. அது ஓடையில் கலந்தால் மீனும் சாகும், குளிக்கும் பிள்ளைகளுக்கும் கெடுதல். மூடியுள்ள டின்னில் சேர்த்து, எண்ணெய் மாற்றும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொடர்ந்து பட்டுக்கொண்டிருந்தால் தோலுக்கு நல்லதல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது அளவுக் கம்பியையும் எடுத்துப் பாருங்கள். பெரிய பிள்ளைகளையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டுங்கள். நாளைக்கு அந்த வண்டியை ஓட்டப் போகிறவர்கள் அவர்கள்தானே!