பிளேடால் வெட்டித் தைத்த இசை

நாலு வார்த்தை கொடுத்தால் பாட்டு போட்டுத் தரும் செயலி என்று அடிக்கடி விளம்பரம் வருகிறது. இசையுலகமே தலைகீழாகப் போகிறதாம். கேட்டால் எல்லாமே எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறது. யாரும் கேட்டிராத ஒலி என்றால் 1963 நவம்பரில் பிபிசியில் ஒலித்த ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையைச் சொல்ல வேண்டும். மெட்டு ரான் கிரெய்னருடையது. அதற்கு உயிர் கொடுத்தவர், பிபிசியின் ஒலிக்கூடமான ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்பில் இருந்த டெலியா டெர்பிஷயர். உடனிருந்து உதவியவர் டிக் மில்ஸ்.

அது சிந்தசைசரில் வாசித்ததல்ல. மூக் சிந்தசைசர் வெளியுலகுக்கு வந்ததே 1964இல்தான். டெலியாவிடம் இருந்தவை கருவிகளைச் சோதிக்க ஒலியெழுப்பும் ஆஸிலேட்டர்கள், டேப் ரெக்கார்டர்கள், ஒரு பிளேடு.

ஒற்றைத் தந்தியை மீட்டிப் பதிவு செய்தார்கள். டேப்பை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி ஏறும். சுமார் 6 சதவீதம் கூட்டினால் அரைச்சுரம். ஒரே மீட்டலிலிருந்து வேண்டிய சுரங்களையெல்லாம் இப்படிப் பிரதியெடுக்கலாம். அடுத்தது தாளம். விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அரை விநாடிச் சுரம் என்பது ஏழரை அங்குலத் துண்டு. நேரத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம்! இது அசல் தையற்காரர் வேலை. அளவெடுத்து, சாய்வாக வெட்டி, ஒட்ட வேண்டும். நேராக வெட்டினால் இணைப்பில் ‘டக்’கென்று கேட்கும். கை, கழுத்து, உடல் போல அடிநாதம் ஒரு சுருள், மெட்டு ஒரு சுருள், இரைச்சல் ஒரு சுருள். எல்லாவற்றையும் பொருத்த, ரெக்கார்டர்களை ஒரே நொடியில் கையால் முடுக்கிவிட வேண்டும். ஒருமுறை ஏதோ ஒரு சுரம் பிசகியது. எங்கே என்று பிடிபடவில்லை. சுருள்களை நீண்ட தாழ்வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தார்கள். மற்ற ஒட்டுகள் ஒரே வரிசையில் இருக்க, ஒன்று மட்டும் விலகி நின்றது. பிரித்துத் தைத்தார்கள்.

டெலியாவின் வரலாறு சுருக்கமாக: 1937இல் கவென்ட்ரியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று டெக்கா நிறுவனம் கைவிரித்தது. 1960இல் பிபிசி, 1962இல் ஒர்க்‌ஷாப். முகப்பு இசைக்கான வருமானத்தில் அவருக்குப் பங்கு தர கிரெய்னரே விரும்பியும் பிபிசி விதி இடம் தரவில்லை. 1973இல் விலகினார், 2001இல் காலமானார். தொடரின் திரையில் அவர் பெயர் வந்தது 2013இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தில். இதைப் பெருமையாகச் சொல்ல மனம் வரவில்லை, அநியாயம் அது.

முகப்பு இசையைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு. ஒர்க்‌ஷாப்பில் பச்சை நிற உலோக விளக்கு மூடி ஒன்று இருந்தது. தட்டினால் மணிபோல் ஒலிக்கும். டெலியா அதைப் பதிவு செய்து, தட்டும் அந்த முதல் கணத்தை மட்டும் வெட்டியெறிந்தார். எந்தக் கருவி ஒலிக்கிறது என்பதைக் காது பெரும்பாலும் தொடக்கத்தை வைத்தே அடையாளம் காண்கிறது. அது போய்விட்டால் எஞ்சும் ரீங்காரம் எதிலிருந்து வருகிறதென்று தெரியாது. அந்த ரீங்காரத்தில் அடங்கிய அதிர்வெண்களைப் பிரித்தறிந்து, ஆஸிலேட்டர்களில் ஒவ்வொன்றாக மறுபடி உருவாக்கினார். 1967இல் சகாரா பற்றிய ஆவணப்படத்துக்காக அவர் அமைத்த ‘புளூ வேல்ஸ் அண்ட் கோல்டன் சாண்ட்ஸ்’ இசையில் மெல்ல எழுந்து அடங்கும் ஒலி, அந்த விளக்கு மூடியினுடையது.