முட்டை நின்ற கோழியில் சத்தான தேங்காய்ப்பால் சாறு

புறக்கடையில் நான்கைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் சிறு விவசாயிகள், முட்டை குறைந்த கோழியைச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதுண்டு. கறி முற்றல் என்று சொல்லி வியாபாரி விலையைக் குறைப்பார். அதே கோழியுடன் வீட்டு மரத்துத் தேங்காய் ஒன்று சேர்ந்தால், ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒருவேளைக்குச் சத்தான சாறும் கறியும் கிடைக்கும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும், பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும், வளரும் குழந்தைகளுக்கும் இது ஏற்ற உணவு.

எந்தக் கோழியைக் கழிப்பது?

முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து மிருதுவாக இருக்கும். ஆசனவாய் அகன்று ஈரமாக இருக்கும். அதன் இருபுறமும் உள்ள இடுப்பு எலும்புகளின் நடுவே இரண்டு, மூன்று விரல்கள் நுழையும். முட்டை நின்ற கோழிக்குக் கொண்டை வெளிறிச் சுருங்கியிருக்கும். எலும்புகளின் இடைவெளி ஒரு விரல் அளவே இருக்கும். அடைகாக்கும் கோழியும், இறகு உதிர்க்கும் கோழியும் பார்வைக்கு இப்படியே தோன்றும். அவை பிறகு முட்டையிடும் என்பதால் சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துக் கழிப்பது நல்லது.

நோயுற்ற கோழியையும் செத்த கோழியையும் எக்காரணம் கொண்டும் சமைக்கக் கூடாது. மருந்து கொடுத்த கோழியானால், கால்நடை மருத்துவர் சொல்லும் நாட்கள் கழிந்த பிறகே அறுக்க வேண்டும். முந்தின இரவே தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்தால் சுத்தம் செய்வது எளிது. பித்தப்பை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் கறி கசக்கும்.

தேவையான பொருள்கள்

கோழிக்கறி எலும்புடன் 1 கிலோ, முற்றிய தேங்காய் 1, சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 10 பல், இஞ்சி விரல் நீளத் துண்டு, மல்லி 2 மேசைக்கரண்டி, மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, முருங்கைக் கீரை இரண்டு கைப்பிடி, கறிவேப்பிலை, உப்பு, எலுமிச்சம்பழம் அரை மூடி.

செய்முறை

தேங்காயைத் துருவி, 1 தம்ளர் வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிழிந்து முதல் பாலைத் தனியே வைக்கவும். சக்கையில் மீண்டும் 2 தம்ளர் நீர் விட்டு இரண்டாம் பாலை எடுக்கவும். மல்லி, மிளகு, சீரகம் மூன்றையும் வெறும் சட்டியில் வறுத்து, இஞ்சி, பூண்டுடன் அரைத்துக் கொள்ளவும்.

மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, வெங்காயம் போட்டு வதக்கவும். கறி, மஞ்சள் தூள், அரைத்த மசாலா சேர்த்துப் பிரட்டி, 8 தம்ளர் நீர் விட்டு மூடவும். ஒரு கொதி வந்தபின் தீயைக் குறைத்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேக விடவும். வயதான கோழியின் தசைகளைப் பிணைக்கும் நார் உறுதியானது. பெருந்தீயில் அவசரமாக வேக வைத்தால் கறி ரப்பர் போலாகிவிடும். சிறு தீயில் நின்று வெந்தால்தான் அந்த நார் கரைந்து சாறுக்குக் கொழுமை தரும். இளங்கோழியில் இந்த ருசி வராது.

கறி எலும்பை விட்டு நெகிழ்ந்ததும் உப்பும் இரண்டாம் பாலும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்க விடவும். பிறகு கீரையைப் போட்டு 5 நிமிடம் வேக விடவும். கடைசியாக முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கி விடவும். முதல் பால் கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு பிழியவும்.

சாறு மட்டும் போதாது

கோழியின் சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிடும் என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. இதனால் நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தெளிந்த சாறு மட்டும் கொடுக்கப்படுகிறது; கறித்துண்டுகள் மற்றவர்கள் இலைக்குப் போகின்றன. இது சரியல்ல. உடலை வளர்க்கும் புரதத்தின் பெரும்பகுதி கறியிலேயே தங்கிவிடுகிறது. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சாற்றில் மிகக் குறைவாகவே இறங்கும். ஆகவே கறியை நன்றாகப் பிய்த்துப் போட்டு, சாற்றுடன் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு, காரமும் உப்பும் சேர்க்காமல் தனியே வேக வைத்த கறியை மசித்துச் சோற்றுடன் பிசைந்து ஊட்டலாம்.

முருங்கைக் கீரையில் இரும்புச் சத்து உண்டு. கறியும் எலுமிச்சையும் உடன் சேரும்போது அச்சத்தை உடல் கூடுதலாக ஏற்கும். தேங்காய்ப்பால் கொழுப்பு மிகுந்தது. இளைத்தவர்களுக்குத் தெம்பு தரும். கொழுப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னவர்களுக்கு முதல் பால் சேர்க்காமல் கொடுக்கலாம்.

தேங்காய்ப்பால் சேர்ந்த சாறு விரைவில் புளிக்கும். மறுவேளைக்கு வேண்டியதைப் பால் ஊற்றும் முன்பே எடுத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். அந்த வசதி இல்லாதவர்கள் அந்தந்த வேளைக்கு மட்டும் சமைப்பதே நல்லது. பிழிந்த தேங்காய்ச் சக்கையை அன்றே மற்றக் கோழிகளுக்குத் தீனியுடன் கலந்து வைக்கலாம். இறகையும் குடலையும் நாய் தோண்டாதபடி ஆழமாகக் குழியில் புதைத்தால் மண்ணுக்கு உரமாகும்.