‘பாஸ் அவுட்’ ஆனாளா, மயங்கி விழுந்தாளா?

சென்ற வருடம் என் ராத்தா பல்கலைக்கழகப் படிப்பை முடித்த அன்று, வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து உம்மா லண்டனிலிருக்கும் மாமாவுக்கு போன் எடுத்தார். பேசியது அங்கேயே பிறந்து வளர்ந்த மாமாவின் மகள். மகள் ‘பாஸ் அவுட்’ ஆகிவிட்டதாக உம்மா ஆங்கிலத்தில் சந்தோஷமாகச் சொன்னார். மறுமுனையில் பதற்றம்: “அல்லாஹ்வே! மாமி, டொக்டரிடம் காட்டினீங்களா?”

வீடே சிரித்தது. உம்மாவின் முகம் மட்டும் வாடிவிட்டது. அதன் பிறகு அவளுடன் ஆங்கிலத்தில் பேசுவதையே விட்டுவிட்டார். உம்மா பேசியது பிழையா?

‘பாஸ்’ என்றால் கடத்தல், சித்தியடைதல். ‘அவுட்’ என்றால் வெளியே. இப்படி ஒரு வினையோடு சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதே ‘பிரேசல் வேர்ப்’. ‘பாஸ் அவுட்’டுக்குப் பல பொருள்கள் உண்டு.

முதலாவது, மயங்கி விழுதல். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதுவே சட்டென நினைவுக்கு வரும்.

இரண்டாவது, இராணுவ, பொலிஸ் பயிற்சியை முடித்து வெளியேறுதல். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட்டிலும் நமது தியத்தலாவையிலும் நடப்பது ‘பாஸிங் அவுட்’ அணிவகுப்பு.

மூன்றாவது, பகிர்ந்து கொடுத்தல். ஆசிரியை வினாத்தாள்களை ‘பாஸ் அவுட்’ செய்வார். இந்தப் பொருளில் மட்டும், கொடுக்கப்படும் பொருளின் பெயர் இரு சொற்களுக்கும் இடையிலும் வரலாம்.

நான்காவது, பட்டம் பெற்று வெளியேறுதல். இது இலங்கையிலும் இந்தியாவிலும் வழங்குவது. இரண்டாவது பொருளுக்கு நெருங்கிய உறவு.

ஆகவே உம்மா பேசியது பிழையல்ல, நம் நாட்டு வழக்கு. இலங்கை ஆங்கிலத்துக்கென்றே மைக்கல் மெய்லர் 2007இல் ஓர் அகராதி வெளியிட்டிருக்கிறார். தமிழிலும் இப்படித்தான்: ‘பேர்போன குடும்பம்’ என்றால் பெருமை, ‘குடும்பத்தின் பேர் போச்சு’ என்றால் அவமானம். வெளியூரார் திகைக்க மாட்டார்களா?

ஆயினும் கேட்பவர் யார் என்று பார்த்துப் பேச வேண்டும். வெளிநாட்டுக்கு விண்ணப்பம் எழுதும்போது ‘கிரஜுவேட்’ என்பதே பாதுகாப்பானது. ‘அவுட்’டுக்குப் பதில் ‘அவே’ என்று தவறிவிட்டால் இன்னும் விபரீதம்; அது மரணத்தைக் குறிக்கும்!

இதையெல்லாம் உம்மாவுக்கு விளக்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவரே போனை எடுத்து, மாமாவின் மகளிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “மகள், எங்கட ஊர்ல அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தமும் இருக்கு, கேளுங்க.”