மூச்சை எண்ணுதல்: குழந்தை மருத்துவமும் சமூக நிலைமைகளும்

இலக்கியத்தை அதன் சமூக அடித்தளத்தினின்றும் பிரித்து நோக்கலாகாது என்பது நாம் வற்புறுத்திவரும் கருத்து. மருத்துவத்துக்கும் இது பொருந்தும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கடுஞ்சுவாசத் தொற்றை வைத்தியர்கள் கையாளும் முறை இதற்குத் தக்க சான்றாகும்.

குழந்தைகளுக்கு வரும் இருமலும் தடிமனும் பெரும்பாலும் வைரசினால் ஏற்படுவன, தாமாகவே குணமடைவன. நுண்ணுயிர்கொல்லிகளால் அவற்றுக்குப் பயனில்லை. சிலவோ நியூமோனியாவாகும், அது சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கவல்லது. எக்ஸ்-றே வசதியற்ற இடத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்துவது எவ்வாறு? இவ்வினாவுக்கான விடை பப்புவா நியூகினியின் மலைநாட்டு நகரான கொரோக்காவிலிருந்து வந்தது. பிராங் ஷானும் சக ஆய்வாளரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, விரைந்த மூச்சும் நெஞ்சு உள்ளிழுபடுதலும் நம்பத்தக்க குறிகள் எனக் காட்டிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இவ்வகை ஆய்வுகளின் அடிப்படையில் உருவாயிற்று.

அதன்படி, குழந்தை அமைதியாக இருக்கும்போது முழுமையாக ஒரு நிமிடம் மூச்சு எண்ணப்படும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60, பன்னிரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 50, ஐந்து வயது நிறையாததற்கு 40 அல்லது அதற்கு மேற்பட்டால் அது விரைந்த மூச்சு. சிசுவாயின் வைத்தியசாலையே தகும் என்பது முன்னர் பொது விதியாக இருந்தது. ஏனையோருக்கு, நெஞ்சு உள்ளிழுபட்டாலும் வேறு அபாயக் குறியில்லையேல், வாய்வழி அமொக்சிசிலினுடன் வீட்டிலேயே சிகிச்சை அளிக்கலாம் என 2014இல் விதி திருத்தப்பட்டது. பால் குடிக்க இயலாமை, ஓயாத வாந்தி, வலிப்பு, நினைவு மங்கல் என்பன தோன்றினால் தாமதமின்றி வைத்தியசாலை, ஊசிமருந்து, தேவையெனில் ஒட்சிசன்.

இம்முறையின் சிறப்பு யாது? நோயறியும் ஆற்றல் நிபுணரின் தனியுடைமையாயிராது கிராமத்து மருத்துவமாதின் கைக்கும் தாயின் கண்ணுக்கும் வந்து சேர்கின்றது. அறிவு பொதுவுடைமையாகும் நிகழ்வு இதுவெனலாம்.

ஆயினும் குறியை அறிதல் வேறு, அறிந்தபடி செயற்படும் வாய்ப்பு வேறு. பேராதனையில் சிறுவர் வைத்தியசாலை உண்டு; அரசாங்க வைத்தியம் இலவசம். ஆனால் பல்லேகலக் கைத்தொழிற் பேட்டையில் உழைக்கும் தாய்க்கும், கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் தாய்க்கும் தூரம் மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று. ‘அரைப்பேர்’ ஆகிவிடும் என்னும் அச்சமும் அத்தூரத்தில் அடங்கும்.

தோட்டத்துரைமார் காலத்து லயன் அமைப்பில் நெருக்கமான காம்பராவும் விறகடுப்புப் புகையும் போசாக்கின்மையும் நோய்க்கு இடமளிக்கின்றன. தாய்ப்பாலும், 2008இல் இலங்கையில் சேர்க்கப்பட்ட ஹிப் தடுப்பூசியும் காப்பளிப்பது உண்மையே. எனினும் அமொக்சிசிலின் ஒரு தொற்றையே நீக்கும். குணமான குழந்தை திரும்புவது அதே காம்பராவுக்குத்தான். ஆகவே, மூச்சை எண்ணக் கற்ற சமூகம் அம்மூச்சு எத்தகைய வீட்டில் விடப்படுகின்றது என்பதையும் கணக்கிலெடுத்தல் வேண்டும் என்பதே நமது முடிவாகும்.