வயசுப் பையன் பேச்சை நிறுத்தும்போது



கல்வி உதவித்தொகை கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களில் ஒன்றைக் கவனித்து வருகிறேன். பெண் பிள்ளை வந்தால் தன் படிப்பைப் பற்றித் தானே சொல்கிறாள். பையன் வந்தால் அவனுக்காக அம்மா பேசுகிறார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஏழாம் வகுப்பில் வாய் ஓயாமல் பேசிய அதே பிள்ளைதான். “வயசுப் பையன், அப்படித்தான் இருப்பான்” என்று விட்டுவிடுகிறோம்.

அமெரிக்காவில், நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியை நயோபி வே என்பவர் வளரும் பையன்களிடம் பல ஆண்டுகள் பேசிப் பழகி, 2011-ல் ‘டீப் சீக்ரெட்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். பதின்வயதின் தொடக்கத்தில் பையன்கள் உற்ற தோழனிடம் மனதைத் திறந்து பேசுகிறார்கள். பதினைந்து, பதினாறு வயதில் அந்த நட்பு பலருக்குக் கைநழுவிப் போகிறது. ஆசை போய்விடுவதில்லை. அப்படிப் பேசினால் ஆம்பளை இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் வருகிறது. அவர் கண்டது அங்கே. ஆனால் நம் தெருவிலும் இதுவே நடப்பதாக எனக்குப் படுகிறது.

எல்லாவற்றையும் அடக்கச் சொல்லும் நாம், கோபத்தை மட்டும் ஆணுக்கு அனுமதித்திருக்கிறோம். பயமும் அவமானமும் கோபமாகவே வெளியே வருகின்றன. இன்று தங்கை வாங்கிக் கட்டிக்கொள்கிறாள், நாளை மனைவி. வெளியே வராதது உள்ளேயே அரிக்கிறது. 2022-ல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நூற்றுக்குச் சுமார் 72 பேர் ஆண்கள். கடன், நோய், குடும்பத் தகராறு என்று காரணங்கள் பல. பேசாமைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுமையைச் சொல்ல ஓர் ஆள் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

மார்க்கம் இதில் நமக்கு எதிராக நிற்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹசன் (ரலி) அவர்களை முத்தமிட்டபோது, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார் அக்ரஃ பின் ஹாபிஸ் (ரலி). இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற பதிலைத்தான் அவர் பெற்றார். மகன் இப்ராஹீம் மரணத் தறுவாயில் இருந்தபோது நபியவர்களின் கண்கள் கலங்கின. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டபோது, அது கருணை என்று விளக்கினார்கள். மல்யுத்தத்தில் வீழ்த்துபவரை அல்ல, கோபம் வரும்போது தன்னை அடக்குபவரையே வீரர் என்றார்கள். இந்த ஹதீஸ்களை மேடையில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் “பொம்பள மாதிரி அழாதே” என்கிறோம்.

வளைகுடாவிலிருந்து பேசும் அத்தாக்களுக்கு ஒரு வார்த்தை. “பரீட்சை என்னாச்சு? தொழுதியா? அம்மா சொல்றதக் கேளு.” மூன்றுக்கும் மூன்று ‘ம்’ வரும்; போன் அம்மாவிடம் போய்விடும். ஒரு நாள் உங்கள் கதையைச் சொல்லிப் பாருங்கள். “இன்னிக்கு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் ஏசிட்டார்டா, மனசுக்குக் கஷ்டமாப் போச்சு” என்று தன் அத்தா சொல்வதைக் கேட்கும் பையன், ஓர் ஆண் இதையெல்லாம் சொல்லலாம் என்று தெரிந்துகொள்கிறான். அன்றே அவன் திருப்பிச் சொல்ல மாட்டான். மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ சொல்லலாம்.

ஊரில் இருப்பவர்கள், எதிரே உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம்; அது போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு மீன் வாங்கப் போங்கள். ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்தைப் பாருங்கள்: கிண்டிக்கொண்டே பெரியவரும் பையனும் எவ்வளவு பேசுகிறார்கள்! கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். சொன்னதைக் கேட்டதும் அறிவுரை சொல்லத் துடிக்காதீர்கள். அதை ஜும்ஆவில் வேறு வீட்டு உதாரணமாகப் பேசவும் வேண்டாம். ஒரு முறை வெளியே போனால் அந்தப் பிள்ளை மறுபடி உங்களிடம் வரமாட்டான்.

அத்தா இல்லாத வீடுகளில் மாமாவோ, பெரியத்தாவோ, நன்னாவோ வாரம் ஒரு முறை அந்த இடத்தில் நிற்கலாம். வீட்டார் நன்கு அறிந்த ஆளாக இருக்கட்டும். இதில் தாய்மார்கள் தயங்காமல் விசாரிக்க வேண்டும்.

பையன் சாப்பாடு, தூக்கம் குறைந்து அறைக்குள்ளேயே கிடந்தாலோ, செத்துப்போகலாம் என்று விளையாட்டாகச் சொன்னாலோ, தனியே விடாதீர்கள். நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பையன் பேச மறுத்தால் பெற்றோரே முதலில் அழைத்து வழி கேட்கலாம்.