ஷிஃப்டுக்குப் போன பெற்றோருக்கும் ஓர் இடம்

பள்ளி மேலாண்மைக் குழுவின் புதிய தலைவர்களுக்குச் சில யோசனைகள்

மணிமங்கலம் பக்கம் பொழுது விடியுமுன்பே கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என எந்தப் பக்கம் திரும்பினாலும் கார், டயர், செல்போன் ஆலைகள். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் அம்மா ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடும் வீடுகள் இங்கே சகஜம். அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டமோ மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகலில் நடக்கும். வர முடிகிறவர்கள் மட்டும் வந்து பேசினால், ஊரில் பாதிப் பேரின் குரல் பதிவாகாமலே போய்விடும். புதிதாகத் தலைவர் பொறுப்புக்கு வருபவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கையெழுத்து போட மட்டும் அல்ல

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-வது பிரிவில் இந்தக் குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழக அரசு 2022-ல் 20 பேர் கொண்ட குழுக்களாக இவற்றை மறுகட்டமைத்தது. 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கியது.

காமராஜர் காலத்தில், கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் மேசை நாற்காலியும் கொடுத்தார்கள். அன்று பெற்றோர் கொடையாளிகள். இன்றைய சட்டம் அவர்களுக்குக் கணக்குக் கேட்கும் இடத்தையும் தந்திருக்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது எல்லாம் குழுவின் வேலை. 'எச்.எம். கூப்பிட்டா போய்க் கையெழுத்து போட்டுட்டு வரணும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வராதவர்களைத் தேடிப் போங்கள்

வகுப்புக்கு ஒரு பெற்றோரைப் பொறுப்பாக்குங்கள். யார் வீட்டில் எந்த ஷிஃப்ட் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். கூட்டத்துக்கு நாலு நாள் முன்பே, வர முடியாதவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: 'இந்த மாசம் ஸ்கூல்ல எதைப் பத்திப் பேசணும்?' வாட்ஸ்அப்பில் நீளமாகத் தட்டச்சு செய்து அனுப்புவதைவிடக் குரல் பதிவு நல்லது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் போய்ச் சேரும். லைன் வீடுகளில் பீகார், ஒடிசாக் குடும்பங்கள் இருந்தால், அவர்களில் தமிழ் பழகிய ஒருவரைக் குழுவோடு இணைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் விஷயத்தைப் பிள்ளைகள் வாயால் பேசவைக்க வேண்டாம்.

புகாரைத் தீர்மானமாக்குங்கள்

'பாத்ரூம் சரியில்ல' என்பது புலம்பல். எந்தக் கழிப்பறை, எத்தனை குழாய் உடைந்திருக்கிறது, எப்போதிலிருந்து, யார் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதினால் அது தீர்மானம். எழுதியதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் அது பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்தைப் பழைய தீர்மானங்களிலிருந்து தொடங்குங்கள். எது முடிந்தது, எது எங்கே நிற்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சாலை, குடிநீர், கால்வாய் போன்றவை ஊராட்சி செய்ய வேண்டியவை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைக்கு அவை பற்றிய தீர்மானங்களைக் கொண்டுபோங்கள். கல்வி உதவிக்கு 14417 என்ற எண் இருக்கிறது. குழந்தையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயமானால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்காதீர்கள். உடனே 1098-ஐ அழையுங்கள்.

டீச்சரோடு மல்லுக்கட்ட வேண்டாம்

கண்காணிப்பது என்றால் வகுப்புக்குள் நுழைந்து விசாரிப்பது அல்ல. கேட்க வேண்டியதைக் கூட்டத்தில் கேளுங்கள். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர வேறு கல்வி சாராத பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு. அப்படி அனுப்பினால் ஆசிரியர் வாய் திறக்கத் தயங்கலாம். நீங்கள் தயங்க வேண்டியதில்லை. இப்படி ஒருமுறை அவர்கள் பக்கம் நின்றால், நீங்கள் கேட்கும் கேள்விகளையும் அவர்கள் பகையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கம்பெனிப் பணம் வரும்போது

2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ லாபமோ உள்ள நிறுவனங்கள், மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆலைகள் சூழ்ந்த ஊருக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால், திட்டம் கையில் இல்லாவிட்டால் அவர்கள் தர விரும்புவதுதான் வரும். உங்களுக்குத் தேவையானது வராது. சுவருக்குப் புதுப் பெயிண்ட் கிடைக்கும். கழிப்பறையைத் தினமும் சுத்தம் செய்ய ஆள் இருக்காது. மேம்பாட்டுத் திட்டத்தில் தேவைகளை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு பிறகு பேசுங்கள். பணத்தைக் கையில் வாங்காதீர்கள்; அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் அதற்கான முறையான வழி.

குழுவின் காலம் இரண்டு ஆண்டுகள்தான். உங்கள் பிள்ளை பள்ளி மாறிவிட்டால் பொறுப்பு அதற்கு முன்பே போய்விடும். அதனால் முதல் மாதத்திலிருந்தே துணைத் தலைவரையும் எல்லா வேலையிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையும் கூட்டம் ஒழுங்காக நடந்தால், தலைவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.